வீட்டில் ஓர் உயிர் போன பிறகு: இழப்பீட்டு வழக்கு பற்றி வடசென்னைக் குடும்பங்கள் கேட்கும் கேள்விகள்

எண்ணூர் விரைவுச் சாலையிலோ திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலோ கன்டெய்னர் லாரி மோதி ஒருவர் இறந்தால், காசிமேட்டிலோ கொருக்குப்பேட்டையிலோ எர்ணாவூரிலோ ஒரு வீட்டின் வருமானம் அன்றோடு நின்றுவிடுகிறது. பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு, கைக்குக் கிடைத்த காகிதங்களையெல்லாம் ஒரு மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு அந்த வீட்டுப் பெண்கள் சட்ட உதவி மேசைக்கு வருகிறார்கள். அங்கே தன்னார்வலராக உட்கார்ந்து நான் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளையும் அவற்றுக்கான பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். குடும்பங்கள் தோற்பது பெரும்பாலும் நீதிபதியின் முன்னால் அன்று. தவறான இடத்தில் மனுப் போட்டோ, கெடுவைத் தவறவிட்டோ, படித்துப் பார்க்காமல் கையெழுத்திட்டோ, வழக்கு தொடங்கும் முன்பே தோற்றுவிடுகிறார்கள். அதைத் தடுக்கவே இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

எங்கள் வீட்டுக்காரர் பிறர் தவறால் இறந்துவிட்டார். எந்த நீதிமன்றத்துக்குப் போக வேண்டும்?

எப்படி இறந்தார் என்பதைப் பொறுத்து இடம் மாறும். சாலை விபத்து என்றால் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம். வேலை செய்யும்போது என்றால் தொழிலாளர் துறையின் இழப்பீட்டு ஆணையர், அல்லது இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) அலுவலகம், ரயிலில் இருந்து விழுந்திருந்தால் ரயில்வே உரிமைகோரல் தீர்ப்பாயம், பணம் கட்டிச் சிகிச்சை பெற்ற மருத்துவமனையின் கவனக்குறைவு என்றால் நுகர்வோர் ஆணையம். இவற்றில் எதிலும் அடங்காத மரணத்துக்கு, 1855ஆம் ஆண்டு முதல் இருந்துவரும் உயிர்ச்சேத விபத்துச் சட்டத்தின்படி உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குத் தொடரலாம். அந்தச் சட்டத்தில் இழப்பீடு கேட்க உரிமை உள்ளவர்கள் மனைவி அல்லது கணவர், பெற்றோர், பிள்ளைகள் மட்டுமே, உடன்பிறந்தவர்களுக்கு இடமில்லை. மரண நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்கைத் தாக்கல் செய்துவிட வேண்டும்.

முதல் மாதத்தில் எந்தக் காகிதங்களை வாங்கி வைக்க வேண்டும்?

எஃப்.ஐ.ஆர். நகல், பிரேதப் பரிசோதனை அறிக்கை, இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், இறந்தவரின் வயதுக்கும் வருமானத்துக்கும் ஆதாரம் ஆகியவை எல்லா வழக்குக்கும் தேவைப்படும். வாகன விபத்தாக இருந்தால், மோதிய வண்டியின் ஆர்.சி., காப்பீட்டுப் பாலிசி, ஓட்டுநரின் உரிமம், மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கை, சம்பவ இட வரைபடம் ஆகியவற்றின் நகல்களைப் போக்குவரத்துப் புலனாய்வுப் பிரிவில் கேட்டு வாங்க வேண்டும். வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையம் வழியாக வட்டாட்சியருக்கு விண்ணப்பிக்கலாம். அது வரத் தாமதமானாலும் மனுவைத் தாக்கல் செய்வதை நிறுத்தி வைக்க வேண்டாம்.

வருமான ஆதாரத்தில்தான் எங்கள் பகுதி மக்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். துறைமுகத்தில் மூட்டை ஏற்றுபவருக்கும், மீன் ஏலக்கூடத்தில் ஐஸ் உடைப்பவருக்கும் சம்பளச் சீட்டு ஏது? கூலி எழுதி வைத்த சிறு நோட்டுப் புத்தகம், தொழிலாளர் நல வாரிய அட்டை, சங்க அடையாள அட்டை, சீட்டுக் கட்டிய ரசீது, கைப்பேசியில் கூலி வந்து சேர்ந்த செய்திகள் எதையும் தூக்கி எறியாதீர்கள். ஒரு முறை, எண்ணெய்க் கறை படிந்த நாற்பது பக்க நோட்டு ஒன்றை ஒரு அம்மா கொண்டுவந்தார். தேதி, வண்டி எண், எத்தனை நடை, எவ்வளவு கூலி என்று அவருடைய மகன் பென்சிலால் எழுதி வைத்திருந்தார். அந்தக் குடும்பத்திடம் இருந்த ஒரே வருமான ஆதாரம் அதுதான்.

சாலை விபத்து வழக்கை எங்கே, எத்தனை நாட்களுக்குள் போட வேண்டும்?

சென்னையில் உயர் நீதிமன்ற வளாகத்துக்குள் இருக்கும் சிறுவழக்கு நீதிமன்றமே இந்தத் தீர்ப்பாயமாகச் செயல்படுகிறது. வழக்கறிஞர்கள் ‘எம்.சி.ஓ.பி.’ என்று சொல்வது அங்கே போடும் மனுவைத்தான். விபத்து நடந்த இடம், மனுதாரர் வசிக்கும் இடம், எதிர்த்தரப்பினர் வசிக்கும் இடம் ஆகியவற்றில் எதை வைத்தும் தீர்ப்பாயத்தைத் தேர்ந்தெடுக்கலாம் என்பதால், விபத்து பொன்னேரிப் பக்கம் நடந்திருந்தாலும் வியாசர்பாடியில் வசிக்கும் குடும்பம் சென்னையிலேயே மனுப் போட முடியும்.

கெடுவைப் பற்றிக் கவனமாக இருங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 166ஆம் பிரிவில் செய்யப்பட்ட திருத்தம் 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி விபத்து நடந்த நாளிலிருந்து ஆறு மாதங்களுக்குள் மனுத் தாக்கலாக வேண்டும். இந்தக் கெடுவை எதிர்த்த வழக்குகளில், கெடு கடந்தது என்ற காரணத்தால் மனுக்களைத் தள்ளுபடி செய்யக் கூடாது என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு பிறப்பித்தது. இடைக்கால உத்தரவு என்றைக்கும் நிலைக்கும் என்று எண்ணிவிடாமல், ஆறு மாதம் என்றே நாள்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே கெடு கடந்துவிட்டவர்கள் அந்த உத்தரவைச் சொல்லி உடனே ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.

இன்னொரு வழியும் உண்டு. விபத்து பற்றிய முதல் அறிக்கையைக் காவல்துறை 48 மணி நேரத்துக்குள்ளும், விரிவான அறிக்கையை 90 நாட்களுக்குள்ளும் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது 2022 முதல் உள்ள விதி. அந்த அறிக்கையையே இழப்பீட்டு மனுவாகத் தீர்ப்பாயம் ஏற்கலாம். அறிக்கை அனுப்பப்பட்டதா என்று புலனாய்வு அதிகாரியிடம் நேரில் கேளுங்கள். அதை மட்டும் நம்பிச் சும்மா இருந்துவிடாதீர்கள்.

எங்கள் பையன்மீதுதான் தவறு என்று எஃப்.ஐ.ஆரில் எழுதியிருக்கிறார்கள். லாரி டிரைவர் விடுதலையானாலும் இழப்பீடு கிடைக்குமா?

எஃப்.ஐ.ஆர். என்பது முதல் தகவல் மட்டுமே. அதுவே முடிவான சாட்சியம் ஆகிவிடாது. புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவில் ஓட்டுநர்மீது நடக்கும் குற்ற வழக்கில் ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியிருக்கிறது. இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திலோ, எது நடந்திருக்க அதிக வாய்ப்பு உண்டு என்பதைக் காட்டினால் போதும். ஆகவே குற்ற வழக்கில் ஓட்டுநர் விடுதலை பெற்ற பிறகும் குடும்பத்துக்கு இழப்பீடு வழங்கிய தீர்ப்புகள் ஏராளம். சம்பவத்தைப் பார்த்த தேநீர்க் கடைக்காரரோ ஆட்டோ ஓட்டுநரோ இருந்தால் பெயரையும் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். பக்கத்துக் கடைகளின் சி.சி.டி.வி. பதிவு சில நாட்களிலேயே அழிந்துவிடும் என்பதால், அதைக் கைப்பற்றச் சொல்லி உடனே எழுத்து மூலம் காவல் நிலையத்தில் மனுக் கொடுங்கள். இறந்தவர்மீதும் பாதித் தவறு என்று முடிவானால், இழப்பீட்டில் அந்த அளவு குறையும். 

தொகையை எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

2009இல் சரளா வர்மா வழக்கிலும் 2017இல் பிரணய் சேத்தி வழக்கிலும் உச்ச நீதிமன்றம் வகுத்த முறையை எல்லாத் தீர்ப்பாயங்களும் பின்பற்றுகின்றன. ஓர் எடுத்துக்காட்டைப் போட்டுப் பார்ப்போம். இறந்தவர் 38 வயது லோடுமேன், மாத வருமானம் 15,000 ரூபாய்; மனைவி, இரண்டு பிள்ளைகள், தாய் என்று நான்கு பேர் அவரை நம்பி இருந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம்.

நிரந்தர வேலை இல்லாத, 40 வயதுக்கு உட்பட்டவர் என்பதால் எதிர்கால உயர்வுக்காக 40 விழுக்காடு சேர்ப்பார்கள். மாத வருமானம் 21,000 ஆகும். நான்கு முதல் ஆறு பேர் வரை சார்ந்திருந்தால் அவருடைய சொந்தச் செலவுக்கென்று நான்கில் ஒரு பங்கைக் கழிப்பார்கள், மீதி 15,750. ஆண்டுக்கு 1,89,000. இந்த ஆண்டுத் தொகையை வயதுக்கு ஏற்ற ஓர் எண்ணால் பெருக்குவார்கள்; 36 முதல் 40 வயது வரை அந்தப் பெருக்கும் எண் 15 என்பதால், வருமான இழப்பு மட்டும் 28,35,000 ரூபாய் வரும். இதன்மேல் துணையை, தந்தையை, மகனை இழந்ததற்காக ஒவ்வொருவருக்கும் ஒரு தொகையும், ஈமச் செலவும், சொத்து இழப்பும் சேரும். இவற்றை 2017இல் முறையே 40,000, 15,000, 15,000 என்று நிர்ணயித்த நீதிமன்றம், மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை 10 விழுக்காடு உயர்த்தவும் சொன்னது. மனுப் போட்ட நாளிலிருந்து வட்டியும் உண்டு.

இந்தக் கணக்கைத் தெரிந்துகொள்ளச் சொல்வதற்குக் காரணம், காப்பீட்டு நிறுவனத்தின் தரப்பு முதலில் சொல்லும் தொகை நியாயமானதா என்று நீங்களே மதிப்பிட முடிய வேண்டும் என்பதுதான். இதே மனிதர் திருமணமாகாதவராக இருந்திருந்தால் சொந்தச் செலவுக்குப் பாதியைக் கழிப்பார்கள். வயது 52 ஆக இருந்திருந்தால் பெருக்கும் எண் 11 ஆகவும், எதிர்கால உயர்வு 10 விழுக்காடாகவும் குறையும்.

இறந்தது எங்கள் அம்மா. வேலைக்குப் போகாதவர். அவருக்கும் வருமானம் கணக்கிடுவார்களா?

கட்டாயம் கணக்கிட வேண்டும். சமைத்து, தண்ணீர் பிடித்து, பிள்ளைகளை வளர்த்து, முதியோரைக் கவனித்தவரின் உழைப்புக்கு ஒரு வருமானத்தைக் கணித்து, அதன்மேல் எதிர்கால உயர்வையும் சேர்க்க வேண்டும் என்று 2021இல் கீர்த்தி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அம்மா பூ கட்டினாரா, இட்லிக் கடை வைத்திருந்தாரா, வீட்டு வேலைக்குப் போனாரா என்பதையும் மனுவில் விட்டுவிடாமல் எழுதுங்கள். 

மோதிய வண்டி எது என்றே தெரியவில்லை.

வண்டி அடையாளம் தெரியாமல் போன மரணத்துக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 161ஆம் பிரிவின்படி 2 லட்சம் ரூபாய் உண்டு. தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டியதில்லை. வருவாய்த் துறையில் இதற்கென உள்ள விசாரணை அதிகாரியிடம், அதாவது கோட்டாட்சியர் அல்லது வட்டாட்சியரிடம், படிவம் கொடுக்க வேண்டும். பின்னர் வண்டி கண்டுபிடிக்கப்பட்டால் முழு இழப்பீட்டுக்கு மனுப் போடலாம். அப்போது இந்த 2 லட்சத்தைத் திருப்பிச் செலுத்த வேண்டியிருக்கும்.

வண்டி தெரிந்து, அதற்குக் காப்பீடு இல்லை என்றால், உரிமையாளரே பொறுப்பு. அப்படிப்பட்ட வண்டியைத் தகுந்த பிணை பெறாமல் உரிமையாளரிடம் விடுவிக்கக் கூடாது என்பது உச்ச நீதிமன்றத்தின் 2018ஆம் ஆண்டு உத்தரவு. வண்டி வெளியே போவதற்கு முன்பே வழக்கறிஞர் மூலம் ஆட்சேபம் தெரிவியுங்கள்.

பைக் சறுக்கித் தானே விழுந்து இறந்தார். வேறு யாரும் மோதவில்லை.

இப்படிப்பட்ட மரணத்துக்கு 166ஆம் பிரிவில் இழப்பீடு கேட்க முடியாது. ஆனால் பைக்கின் காப்பீட்டுப் பாலிசியை எடுத்துப் பாருங்கள். உரிமையாளரே ஓட்டியிருந்து, அவரிடம் உரிமமும் இருந்தால், பாலிசியிலுள்ள தனிநபர் விபத்துக் காப்பின்படி 15 லட்சம் ரூபாய் வரை கிடைக்கலாம். வங்கி அட்டையோடு வரும் விபத்துக் காப்பீடு, 20 ரூபாய் பிரதமர் விபத்துக் காப்பீட்டில் வரும் 2 லட்சம் ஆகியவற்றையும் வங்கியில் கேளுங்கள். பலர் கேட்பதே இல்லை.

வேலை செய்யும் இடத்தில் இறந்தார். கான்ட்ராக்டர் பணம் தருகிறேன் என்கிறார். வாங்கிக்கொள்ளலாமா?

இந்தக் கேள்விக்கு நான் எப்போதும் நேரம் எடுத்துப் பதில் சொல்வேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பெண் 20 ரூபாய் முத்திரைத்தாள் ஒன்றை என்னிடம் நீட்டினார். கணவர் ஒரு கிடங்கில் இரும்புச் சுருள் சரிந்து இறந்தவர். ‘1,50,000 ரூபாய் பெற்றுக்கொண்டோம், இனி எந்த உரிமையும் கோர மாட்டோம்’ என்று எழுதி, கீழே அவருடைய பெருவிரல் ரேகை ஊதா மையில் பரவியிருந்தது. உடல் வீட்டுக்கு வருவதற்கு முன்பே, பிணவறை வாசலில் வைத்து அந்த ரேகையை வாங்கியிருந்தார்கள். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியும். கையெழுத்துப் போடக்கூட அவகாசம் தரவில்லை. அதை நினைத்தால் இன்றும் மனம் பதைக்கிறது.

அந்தத் தாளோடு அவருடைய உரிமை முடிந்துவிடவில்லை. 1923ஆம் ஆண்டுப் பணியாளர் இழப்பீட்டுச் சட்டத்தின்படி, மரணத்துக்கான இழப்பீட்டை முதலாளி ஆணையரிடம்தான் செலுத்த வேண்டும். குடும்பத்தின் கையில் நேரே கொடுத்த பணம் இழப்பீடாகவே கருதப்படாது. முன்பணமாகச் சிறு தொகை தரலாம், அவ்வளவே. மாதச் சம்பளத்தில் பாதியை, வயதுக்கு ஏற்ற காரணி எண்ணால் பெருக்கினால் இழப்பீடு வரும். அந்தச் சட்டத்தில் கணக்குக்கு எடுத்துக்கொள்ளும் சம்பளத்தின் உச்சவரம்பு 15,000 ரூபாய். 38 வயதுக்குக் காரணி 189.56 என்பதால், 7,500 ரூபாயைப் பெருக்கினால் 14,21,700 ரூபாய். முத்திரைத்தாளில் எழுதியிருந்த தொகை அதில் ஒன்பதில் ஒரு பங்குகூட இல்லை. ஒரு மாதத்துக்குள் செலுத்தத் தவறினால் 12 விழுக்காடு வட்டியும், தக்க காரணம் இல்லாவிட்டால் 50 விழுக்காடு வரை அபராதமும் விதிக்க ஆணையருக்கு அதிகாரம் உண்டு. கோரிக்கைக்கான கெடு இரண்டு ஆண்டுகள்.

இந்த ஏற்பாடுகள் 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் சென்றுவிட்டன. அந்த நாளுக்குப் பிந்தைய மரணங்களுக்குப் புதிய சட்டத்தின் பெயரில் மனு எழுத வேண்டும் என்பதை வழக்கறிஞரிடம் நினைவூட்டுங்கள். பாதிச் சம்பளம், காரணி எண் என்ற அடிப்படை மாறவில்லை.

இறந்தவருக்கு இ.எஸ்.ஐ. பிடித்திருந்தால் பாதை வேறு. ஆணையரிடம் போக முடியாது. அதற்குப் பதிலாக, சார்ந்தோர் பயனாகச் சம்பளத்தில் 90 விழுக்காட்டைக் குடும்பத்தினர் பங்கிட்டு மாதந்தோறும் பெறுவார்கள். பணியின்போது நேர்ந்த விபத்து என்று முதலாளி அறிக்கை அனுப்பினாரா என்பதை உடனே உறுதி செய்துகொள்ளுங்கள்.

லாரியில் கிளீனராக வேலை பார்த்தவர் சாலையில் இறந்தார். இரண்டு இடத்திலும் கேட்கலாமா?

இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 167ஆம் பிரிவு சொல்கிறது. மேலே உள்ள இரு கணக்குகளையும் ஒப்பிட்டால், அதே வயது, அதே வருமானத்துக்குத் தீர்ப்பாயத்தில் ஏறக்குறைய இரட்டிப்புத் தொகை வருவதைக் காணலாம். ஆனால் அங்கே யாரோ ஒருவரின் கவனக்குறைவை நிரூபிக்க வேண்டும். இறந்தவரே ஓட்டி, அவருடைய தவறாலேயே விபத்து நேர்ந்திருந்தால், யார் தவறு என்று பார்க்காத ஆணையரிடம் போவதுதான் சரி. மனுப் போட்ட பிறகு மாற்றிக்கொள்வது கடினம்.

கழிவுநீர்த் தொட்டியில் இறங்கி விஷவாயு தாக்கி இறந்தார்.

பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் மனிதரை இறக்கியதே குற்றம். கையால் மலம் அள்ளும் பணியைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடை செய்கிறது. 2014இல் உச்ச நீதிமன்றம் 10 லட்சம் என்று வகுத்திருந்த இழப்பீட்டை, 2023 அக்டோபர் 20 அன்று 30 லட்சமாக உயர்த்தியது. எஃப்.ஐ.ஆரில் இந்தச் சட்டத்தின் பிரிவுகள் சேர்க்கப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். இறந்தவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவராக இருந்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் நிவாரணத்துக்கும் வாய்ப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். ‘அவரே விரும்பி இறங்கினார்’ என்ற வாக்குமூலத்தில் ஒருபோதும் கையெழுத்துப் போடாதீர்கள். தொகை மறுக்கப்பட்டால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு (அரசு அமைப்புக்கு உத்தரவிடக் கோரும் மனு) தாக்கல் செய்யலாம்.

கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் இருந்து விழுந்து இறந்தார். டிக்கெட் கிடைக்கவில்லை.

ஓடும் ரயிலில் இருந்து தவறி விழுந்து இறந்த பயணிக்கு, ரயில்வேயின் தவறை நிரூபிக்காமலேயே 8 லட்சம் ரூபாய் இழப்பீடு உண்டு. கூட்ட நெரிசலில் படியில் நின்றார் என்பதோ, ஏறும்போது கால் தவறியது என்பதோ அதைத் தட்டிக் கழிக்கக் காரணமாகாது. உடலில் டிக்கெட் இல்லை என்பதால் மட்டும் அவர் பயணி இல்லை என்று ஆகிவிடாது என்று 2018இல் ரீனா தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. டிக்கெட் எடுத்ததைப் பார்த்தவர் பிரமாணப் பத்திரம் தரலாம். சீசன் டிக்கெட்டா, செயலியில் எடுத்த டிக்கெட்டா என்று அவருடைய கைப்பேசியைப் பாருங்கள். தண்டவாளத்தைக் கடக்கும்போது அடிபட்டவர்களுக்கு இந்த இழப்பீடு பொதுவாகப் பொருந்தாது. கெடு ஓர் ஆண்டு.

மருத்துவமனையில் கவனக்குறைவால் இறந்தார் என்று நினைக்கிறோம்.

முதலில் சிகிச்சை ஆவணங்களை எழுத்து மூலம் கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான நடத்தை விதி. கட்டணம் வாங்கிய மருத்துவமனை என்றால், இரண்டு ஆண்டுகளுக்குள் சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். எல்லோருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் அரசு மருத்துவமனை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது. அதற்கு உரிமையியல் நீதிமன்றமோ ரிட் மனுவோதான் வழி. நோயாளி இறந்தார் என்பதே கவனக்குறைவுக்குச் சான்றாகாது. அதே துறையைச் சேர்ந்த வேறு மருத்துவரின் கருத்தை வாங்காமல் போட்ட புகார்கள் பெரும்பாலும் நிற்பதில்லை. 

மின்கம்பி அறுந்து விழுந்தால்? தொழிற்சாலை வாயுக் கசிந்தால்?

மின்சாரம் போன்ற ஆபத்தான பொருளைக் கையாளும் அமைப்பு, தன் தவறு இல்லை என்று சொல்லித் தப்ப முடியாது என்று 2002இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. மணலி, எண்ணூர்ப் பக்கம் ஆலைகளின் ஆபத்தான பொருளால் நேர்ந்த மரணத்துக்குச் சென்னையிலேயே உள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வில், ஐந்து ஆண்டுகளுக்குள் இழப்பீடு கோரலாம்.

வரும் பணத்தில் முப்பது விழுக்காடு கேட்கிறார் ஒரு வக்கீல். செலவுக்கு வேறு வழி இருக்கிறதா?

கிடைக்கும் தொகையில் பங்கு என்று ஒப்பந்தம் போடுவதை இந்திய வழக்கறிஞர் மன்றத்தின் விதிகள் தடை செய்கின்றன. மருத்துவமனை வாசலிலும் காவல் நிலையத்திலும் வந்து அட்டை கொடுக்கும் தரகர்களிடம் வெற்று வக்காலத்திலோ வெற்றுக் காசோலையிலோ கையெழுத்திட்டுக் கொடுக்காதீர்கள். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், தொழிலாளர்கள், மாற்றுத்திறனாளிகள் ஆகியோர் சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலம் இலவச வழக்கறிஞரைப் பெறலாம். பெண்களுக்கு வருமான வரம்பு இல்லை. 15100 என்ற எண்ணை அழைத்தால் வழி சொல்வார்கள். நேர்மையாகக் குறைந்த கட்டணத்தில் நடத்தும் வழக்கறிஞர்கள் பாரிமுனையில் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

மாமியாருக்கும் எனக்கும் பேச்சு இல்லை. பணம் யாருக்குப் போகும்?

மனைவி, பிள்ளைகள், தாய் எல்லோரும் ஒரே மனுவில் சேர்வதே நல்லது. சேர மறுப்பவரை எதிர்மனுதாரராகக் காட்டலாம். யாருக்கு எவ்வளவு என்பதைத் தீர்ப்பாயமே பிரித்து எழுதும். மறுமணம் செய்துகொண்டதால் மனைவியின் உரிமை போய்விடாது. தொகை போதாது என்றால் 90 நாட்களுக்குள் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம்.

பிள்ளைகளின் பங்கு, அவர்கள் 18 வயதை எட்டும்வரை வங்கியில் நிரந்தர வைப்பாக இருக்கும்; வட்டியைத் தாய் எடுத்துக்கொள்ளத் தீர்ப்பாயம் வழக்கமாக அனுமதிக்கும். கல்லூரிக் கட்டணமோ அவசர மருத்துவச் செலவோ வந்தால், கட்டண ரசீதை இணைத்து அதே தீர்ப்பாயத்தில் ஒரு சிறு மனுப் போட்டு, தேவையான தொகையை முன்கூட்டியே எடுக்க அனுமதி கேட்கலாம்.